மீன்களுக்குப் பெயர் வைத்தவர் பெயரில் ஒரு பள்ளி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்ட்டோ என்று ஓர் ஊர். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது. நம்மூர்ப் பொறியாளர்கள் பலர் குடும்பத்தோடு வாழும் வட்டாரம். அங்கே 1937இல் புதிதாக ஓர் அரசு நடுநிலைப் பள்ளி திறந்து, டேவிட் ஸ்டார் ஜோர்டன் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ஊரை ஒட்டியிருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 1891இல் முதல் தலைவராக வந்தவர் ஜோர்டன். போரை எதிர்த்து மேடைமேடையாகப் பேசியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் ஆய்வாளர். அவரும் அவருடைய சகாக்களும் மாணவர்களும் சேர்ந்து பெயரிட்ட மீன் இனங்கள் மட்டும் ஏறத்தாழ 2,500.

2018இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்கு முதல் காரணம், அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் எழுதிய வகுப்புக் கட்டுரை. தன் பள்ளிக்கு யார் பெயர் என்று தெரிந்துகொள்ளப் புத்தகத்தைத் திறந்த பிள்ளை, அங்கே படித்ததை வீட்டில் சொல்ல, அது பெற்றோர் வழியாகப் பள்ளி வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு பள்ளிக்கு மனிதர் பெயரை வைக்கும்போது நாம் ஒரு கூற்றை முன்வைக்கிறோம்: இந்த வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள், படிக்கத் தகுந்தது. பிள்ளைகள் நிஜமாகவே படிக்கப்போனால் கூற்று நிற்கிறதா விழுகிறதா என்பது தெரிந்துவிடும். ஜோர்டனின் கதை இதற்கு மிகச் சிறந்த உதாரணம். அவரே தன் வாழ்நாள் முழுக்கச் செய்தது பெயர் வைக்கும் வேலைதான்.

மீனுக்குப் பெயர் வைப்பது எளிதல்ல. வலையில் வந்த மீன் புதிய இனமா என்று தெரிய, துடுப்பில் எத்தனை முள், பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில், செவுளின் அமைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாக எண்ணி, ஏற்கெனவே பெயரிட்ட மீன்களோடு ஒப்பிட வேண்டும். எழுதி வெளியிட்ட பிறகு அந்த ஒரு மீனைச் சாராயத்தில் ஊறப்போட்டு, சீட்டு கட்டிக் கண்ணாடிச் சீசாவில் பாதுகாக்க வேண்டும். அதற்கு மூல மாதிரி என்று பெயர். நூறு வருடம் கழித்து எவருக்காவது சந்தேகம் வந்தால் சீசாவை எடுத்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். 1906 ஏப்ரல் 18 அதிகாலை சான் ஃபிரான்சிஸ்கோவை நொறுக்கிய நிலநடுக்கம் ஸ்டான்ஃபோர்டையும் உலுக்கியது. ஜோர்டனின் மீன் சீசாக்கள் பல உடைந்தன. விலங்கியல் கட்டடத்தின் முகப்பில் நின்ற லூயி அகஸியின் பளிங்குச் சிலை தலைகீழாக விழுந்து, தலை நடைபாதைக்குள் புதைந்தது. அந்தப் புகைப்படம் இன்றும் பிரபலம். அகஸி யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அவர் பெயரிலும் ஒரு பள்ளி இருந்தது.

ஜோர்டனைப் பற்றி அந்த மாணவர் படித்தது இதுதான். 1902இல் ஜோர்டன் எழுதிய ‘நாட்டின் இரத்தம்’ என்ற நூல், போர்கள் வலுவான இளைஞர்களைக் கொன்றுவிடுவதால் பலவீனமானவர்களே மிஞ்சி, பிள்ளை பெற்று, இனத்தைத் தேய வைக்கிறார்கள் என்று வாதிடுகிறது. அவருடைய போர் எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. மனிதர்களைத் தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று பிரித்து, தகுதியற்றவர் பிள்ளை பெறாமல் தடுத்தால் சமூகம் மேம்படும் என்ற கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர். 1906இல் அமெரிக்கக் கால்நடை, பயிர் வளர்ப்போர் சங்கம் யூஜெனிக்ஸுக்கு ஒரு குழு அமைத்தபோது அதன் தலைவர் ஜோர்டன். பிற்காலத்தில் கட்டாயக் கருத்தடையைப் பரப்பிய பாசடீனா நகர அமைப்பொன்றிலும் அவர் இருந்தார்.

இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. கலிஃபோர்னியா 1909இல் சட்டம் போட்டது. மனநலக் காப்பகங்களிலும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களிலும் இருந்தவர்களுக்கு அவர்கள் சம்மதமின்றிக் கருத்தடை அறுவை செய்யலாம். 1979இல் சட்டம் நீக்கப்படும்வரை அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேருக்கு இப்படிச் செய்தார்கள். நாட்டிலேயே மிக அதிக எண்ணிக்கை இதுதான்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், இன்றைய கண்ணால் அன்றைய மனிதரை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பதில் அன்றைய அறிவியலுக்குள்ளேயே இருக்கிறது. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1908இல், கேம்பிரிட்ஜில் ஒரு கணித மேதை மரபியலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அவர் ஜி.எச். ஹார்டி, சில ஆண்டுகள் கழித்து நம் ராமானுஜனின் கடிதத்தைப் படித்துவிட்டு அவரை அங்கே வரவழைத்த அதே ஹார்டி. ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

அந்தக் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குறைபாடு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பழுதுபட்ட மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் ஒருவருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது. அப்படியானால் அந்த மரபணுவை ஒன்று மட்டும் சுமந்துகொண்டு, எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுபவர்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ 200 பேர். கண்ணுக்குத் தெரிபவர் ஒருவர், தெரியாதவர் இருநூறு பேர். தலைமுறைதோறும் அந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒருவர்கூடத் தப்பாமல் கருத்தடை செய்தாலும், 10,000க்கு ஒன்று என்பது 40,000க்கு ஒன்றாகக் குறைய 100 தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டுகள். வயலில் கோரையை மேலாகப் பிடுங்கிப் போடுவதுதான் இது; கிழங்கு மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். ஹார்டியின் கிரிக்கெட் நண்பரும் மரபியலாளருமான பன்னெட் 1917இலேயே இதைக் கணக்கிட்டு, இந்த வழியில் பலன் காணப் பல ஆயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று அச்சில் எழுதிவிட்டார்.

அப்போதுகூட நாம் பேசுவது ஒற்றை மரபணுவால் வரும் குறைபாட்டைப் பற்றித்தான். காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள்மேல் ஒட்டிய ‘மந்தபுத்தி’ என்ற சீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தவை வறுமை, மொழி தெரியாமை, திருமணமாகாமல் தாயானது, படிக்க வாய்ப்புக் கிடைக்காதது. மீனின் துடுப்பு முள்ளை ஒவ்வொன்றாக எண்ணிய ஜோர்டன், மனிதர்கள் விஷயத்தில் எண்ணாமலே பெயர் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

பாலோ ஆல்ட்டோவில் இன்னொரு பள்ளிக்கும் இதே சிக்கல். அதன் பெயர் டெர்மன் பள்ளி. லூயிஸ் டெர்மன் ஸ்டான்ஃபோர்டின் உளவியல் பேராசிரியர். ‘ஐக்யூ’ என்று இன்று எல்லார் வாயிலும் புரளும் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே 1905இல் ஒரு தேர்வை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் உதவி செய்ய. அந்த எண்ணைப் பிள்ளையின் மாறாத இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் பினே உறுதியாக இருந்தார். டெர்மன் 1916இல் அதைத் திருத்தி ஸ்டான்ஃபோர்டு-பினே தேர்வாக்கினார். அதே ஆண்டு எழுதிய நூலில் மெக்சிகர், செவ்விந்தியர், கறுப்பினப் பிள்ளைகள் பிறவியிலேயே மந்தமானவர்கள், அவர்களைத் தனி வகுப்பில் வைக்க வேண்டும் என்று எழுதினார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிய வந்த கருவி, பிள்ளையை ஒதுக்கும் கருவியானது.

அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு டெர்மனின் சொந்த ஆய்வே சாட்சி. 1921இல் அவர் கலிஃபோர்னியாவின் மேதைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. தேர்வு எழுதி, மதிப்பெண் போதாது என்று விடப்பட்ட இரண்டு பையன்களுக்குக் கிடைத்தது. ஒருவர் டிரான்சிஸ்டருக்காக 1956இல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி. மற்றவர் 1968இல் இயற்பியலுக்குப் பெற்ற லூயி அல்வாரெஸ். டைனோசர்கள் அழிந்தது விண்கல் மோதியதால் என்று பின்னாளில் மகனோடு சேர்ந்து சொன்னவரும் அவரே.

இன்னொரு பிள்ளையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கு 1927இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. அம்மா மந்தபுத்தி, மகள் மந்தபுத்தி, பேத்தியும் அப்படியே என்பது அரசுத் தரப்பின் வாதம். வழக்கு தொடங்கியபோது பேத்தி விவியன் கைக்குழந்தை. பார்வையில் ஏதோ சரியில்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சொன்னதுதான் ஆதாரம். நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. விவியன் வளர்ந்து சார்லட்ஸ்வில் நகரத்தின் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தாள். அவளுடைய மதிப்பெண் அட்டை கிடைத்திருக்கிறது. நடத்தையில் நல்ல தரங்கள், கணக்கில் கொஞ்சம் தடுமாற்றம், 1931 ஏப்ரலில் சிறந்த மாணவர் பட்டியலில் பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் அட்டையைப் போலத்தான் இருக்கிறது. 1932இல், எட்டு வயதில், குடல் நோயால் இறந்துபோனாள்.

இனி அகஸிக்கு வருகிறேன். 1807இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பூமியின் பரந்த நிலப்பரப்புகள் ஒரு காலத்தில் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தன என்பதை உலகை ஏற்க வைத்தவர். அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்டில் மாபெரும் விலங்கியல் அருங்காட்சியகத்தை நிறுவினார். 1873 கோடையில் பெனிகீஸ் என்ற சிறு தீவில் ஆசிரியர்களுக்காக அவர் நடத்திய இயற்கைப் பள்ளிக்குப் போன இளைஞர்களில் ஜோர்டனும் ஒருவர். அகஸி ஜோர்டனின் குரு. அந்தக் குரு, கறுப்பினத்தவர் தனியாகப் படைக்கப்பட்ட கீழான இனம் என்று கடைசிவரை வாதிட்டார். 1850இல் தெற்குக் கரோலினாவில் அடிமைகளை ஆடை களைந்து நிற்கவைத்துத் தன் ஆய்வுக்காகப் படமெடுக்க வைத்தார்.

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரில் அகஸி பெயரில் ஓர் அரசுப் பள்ளி இருந்தது. அங்கே 1889இல் தலைமையாசிரியராக ஆனவர் மரியா பால்ட்வின் என்ற கறுப்பினப் பெண். வெள்ளையர் பிள்ளைகள் பெருவாரியாகப் படித்த பள்ளி அது. 1922இல் இறக்கும்வரை அவர்தான் அதை நடத்தினார். பின்னாளில் பெரும் கவிஞரான ஈ.ஈ. கம்மிங்ஸ் அவரிடம் படித்தவர். கறுப்பினத்தவரால் முடியாது என்று எந்த மனிதர் எழுதினாரோ, அவர் பெயர் போட்ட கட்டடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண் தினமும் அதைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தார். 2002இல் பள்ளியின் பெயர் மரியா பால்ட்வின் பள்ளி என்று மாறியது. அதற்கு முயன்றவரும் ஒரு மாணவர்தான், எட்டாம் வகுப்பு. அறிவைத் தலையோட்டிலும் தேர்விலும் அளக்கப் பார்த்தவர்களைப் பற்றி ஸ்டீவன் ஜே கோல்ட் எழுதிய நூலைப் படித்துவிட்டுக் கிளம்பியவர். குருவின் பெயரில் ஒரு பள்ளி, சீடர் பெயரில் ஒரு பள்ளி. நாட்டின் இரு கோடிகளில் இருந்த இரண்டையும் அசைத்தவர்கள் பதின்ம வயதைத் தொட்டும் தொடாத பிள்ளைகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது. படிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அவை, பிள்ளைகள் படித்தார்கள்.

பழைய பெயரை எடுப்பது ஒரு வேலை. புதுப் பெயர் வைப்பது அதைவிடக் கடினம் என்பதை பாலோ ஆல்ட்டோ கண்டுகொண்டது. இரண்டு பெயர்களையும் மாற்றுவது என்று வாரியம் 2017 மார்ச்சில் முடிவெடுத்தது. டெர்மன் விஷயத்தில் ஒரு சுற்றுவழி இருந்தது. லூயிஸ் டெர்மனின் மகன் ஃப்ரெட் டெர்மன், ஸ்டான்ஃபோர்டின் பொறியியல் தலைவராக இருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர். அப்பாவை விட்டுவிட்டு மகனுக்காக அதே பெயரை வைத்துக்கொள்ளலாமே என்றார்கள் சிலர். பலகையில் ஓர் எழுத்துகூட மாறாது. வாரியம் மறுத்தது.

பிறகு இன்னொரு பெயர் வந்தது: ஃப்ரெட் யமமோட்டோ. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜப்பானிய அமெரிக்கர். 1942இல் மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினரை ஒட்டுமொத்தமாக முகாம்களில் அடைத்தபோது அவரும் அடைக்கப்பட்டார். முள்வேலிக்குள்ளிருந்தே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, 1944இல் ஐரோப்பாவில் உயிரிழந்தார். ஒரு பள்ளிக்கு இதைவிட நல்ல பெயர் கிடைப்பது அரிது என்றே நினைக்கிறேன். ஆனால் பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பானிய அட்மிரலின் குடும்பப் பெயரும் யமமோட்டோ. சீன வம்சாவளிப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். ஜப்பானியப் படை சீனாவில் செய்த கொடுமைகளை அவர்களுடைய தாத்தா பாட்டிகள் நேரில் அனுபவித்தவர்கள்; அந்த வலி உண்மையானது. இருந்தாலும் ஜப்பானில் யமமோட்டோ என்பது ஊருக்கு ஊர் இருக்கும் குடும்பப் பெயர். பெயர் ஒத்திருப்பது ஒரு மனிதருக்கு எதிரான சான்று ஆகாது. அவரை முகாமில் அடைத்ததும் இதே தவறான கணக்கில்தான். வாரியம் கடைசியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் தைரியமாக நின்றிருக்கலாம்.

பாலோ ஆல்ட்டோ புதுப் பெயர்களைத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டு, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் நேர்மாறாக ஒன்று நடந்தது. அங்கே ஜாக்சன் தொடக்கப் பள்ளி என்று ஒன்று இருந்தது. செவ்விந்தியர்களை அவர்களுடைய நிலத்திலிருந்து விரட்டிய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பெயர். 2018இல் அதை மேரி டபிள்யூ. ஜாக்சன் பள்ளி என்று ஆக்கினார்கள். மேரி ஜாக்சன் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். ஜாக்சன் என்ற பெயர் அப்படியே இருந்தது, ஆள் மாறிவிட்டார். அதன் பிறகு பிள்ளைகள் திறந்தது வேறொரு வாழ்க்கையை.

பாலோ ஆல்ட்டோ தேர்ந்தெடுத்த இரண்டு பெயர்களைப் பார்த்தால், திட்டமிட்டே செய்தார்களோ என்று வியப்பு வருகிறது. ஜோர்டன் பள்ளி ஃபிராங்க் எஸ். கிரீன் பள்ளியானது. இதைப் புரிந்துகொள்ள ஷாக்லியிடம் திரும்பிப் போக வேண்டும். டெர்மனின் தேர்வில் தேறாத அந்தப் பையன் வளர்ந்து, டெர்மனின் மகன் ஊக்கம் கொடுக்க, பாலோ ஆல்ட்டோவுக்குப் பக்கத்தில் குறைக்கடத்தி ஆய்வகம் தொடங்கினார். அவரோடு வேலை செய்ய முடியாமல் எட்டுப் பேர் 1957இல் வெளியேறி ஃபேர்சைல்ட் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நிறுவனங்கள் பலவும் அதிலிருந்து கிளைத்தவை. ஷாக்லி பிற்காலத்தில் யூஜெனிக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்பினத்தவருக்கு மரபிலேயே அறிவு குறைவு என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் அப்படிப் பேசத் தொடங்கிய அதே 1960களில், ஃபேர்சைல்டில் வேகமான கணினி நினைவகங்களை உருவாக்கும் வேலையில் இருந்தவர் கறுப்பினப் பொறியாளர் ஃபிராங்க் கிரீன். சொந்தமாக நிறுவனங்கள் தொடங்கினார். பெண்களும் சிறுபான்மையினரும் தொடங்கும் நிறுவனங்களுக்கு முதலீடு தேடித் தந்தார்.

டெர்மன் பள்ளி எலன் ஃப்ளெட்சர் பள்ளியானது. அவர் பெர்லினில் பிறந்த யூதச் சிறுமி. 1933இல் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தபோது கலிஃபோர்னியாவின் அனுபவத்தை ஆர்வமாகக் கவனித்திருந்தது. அந்த ஜெர்மனியிலிருந்து பெற்றோரைப் பிரிந்து குழந்தைகளை மட்டும் பிரிட்டனுக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில் தப்பியவர் எலன். பிறகு பாலோ ஆல்ட்டோ நகரமன்ற உறுப்பினரானார். எங்கும் சைக்கிளில் போனார். அந்த ஊரின் பிரையண்ட் தெருவை கார்களைவிட சைக்கிளுக்கு முதலிடம் தரும் சாலையாக மாற்றியதில் அவர் பங்கு பெரிது. இன்று அந்தச் சாலைக்கும் அவர் பெயர்.

அறிவியல் உலகம் இதே சிக்கலை எப்படிக் கையாள்கிறது? விலங்கியலில் முதலில் வைத்த பெயரே நிலைக்கும். பெயர் அடிக்கடி மாறினால் உலகின் ஆய்வேடுகள் ஒன்றோடொன்று பேச முடியாது என்பதால் இந்த விதி. கலிஃபோர்னியா மீன் கடைகளில் விற்கும் பெட்ராலே என்ற தட்டை மீனின் அறிவியல் பெயரில் இன்றும் ஜோர்டன் இருக்கிறார்: இயோப்செட்டா ஜோர்டானி. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்றுக்கு 1937இல் ஹிட்லர் பெயரை வைத்தார்கள். அதுவும் அப்படியே நிற்கிறது. தாவரவியலாளர்கள் சற்று இறங்கி வந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவாக அழைக்கும் சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற பெயர்களை, ஆப்பிரிக்காவைக் குறிக்கும் ‘ஆஃப்ரா’ என்று மாற்ற 2024 மாட்ரிட் மாநாட்டில் வாக்களித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள். அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023இல் இன்னும் ஒரு படி போய், தன் எல்லைக்குள் மனிதர் பெயர் தாங்கிய பறவைகளின் பொதுப் பெயர்களை எல்லாம் மாற்றுவது என்று அறிவித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வானியலாளர்களின் விதி. கோள்களிலும் நிலவுகளிலும் உள்ள பள்ளங்களுக்கு ஒருவர் பெயரை வைக்க வேண்டுமானால் அவர் இறந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அரசியலாலோ போராலோ புகழ் பெற்றவர் பெயரைச் சிறுகோளுக்கு வைக்க நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பதவியில் இருப்பவர், பணம் கொடுப்பவர், நேற்று இறந்து ஊரே அழுதுகொண்டிருப்பவர் ஆகியோரின் பெயர்களைப் பள்ளிகளுக்குச் சூட்டத் துடிப்பவர்கள் இந்தப் பொறுமையைக் கடன் வாங்கலாம். மனிதரின் கடிதங்கள் நூலகத்துக்கு வந்து சேர நாளாகும்.

சண்டையே வேண்டாம் என்று மனிதரை விட்டுவிட்டவர்களும் உண்டு. ஜே கிரீனும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் 5 அரசுப் பள்ளிகள். கடல்பசு இனமான மானட்டீ பெயரில் 11. அரிசோனாவில் புதிய பள்ளிகளுக்குப் பெரும்பாலும் மேட்டுநிலம், கள்ளிச்செடி. மானட்டீ அருமையான உயிரினம்தான். அது யாருக்கும் கருத்தடை செய்யவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் பள்ளியின் பெயரைத் தேடிப் போய் ஒரு மனிதரின் துணிவையோ பிழையையோ சந்திக்கும் வாய்ப்பு அங்கே இல்லாமல் போகிறது.

மனிதர் பெயரை ஆராய்வதென்றால் ஒழுங்காக ஆராய வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் 2021 ஜனவரியில் ஒரே மூச்சில் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்ற வாக்களித்தது. பட்டியலில் ஆபிரகாம் லிங்கனும் இருந்தார். பால் ரெவியர் என்ற விடுதலைப் போர் வீரரைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம், பெனாப்ஸ்காட் செவ்விந்தியர்களின் நிலத்தைப் பிடிக்கும் படையெடுப்பில் அவர் போனார் என்பது. 1779இல் நடந்த அந்தப் படையெடுப்பு பெனாப்ஸ்காட் விரிகுடாவில் இருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு எதிரானது. இடத்தின் பெயரை மக்களின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வரலாற்றாசிரியர் ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏப்ரலில் முடிவு ரத்தானது. பாலோ ஆல்ட்டோ ஏழாம் வகுப்பு மாணவரின் உழைப்பு இந்தக் குழுவிடம் இருக்கவில்லை.

கடைசியாக, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி. அங்கே 1955இல் ஒரு புதிய உயர்நிலைப் பள்ளி திறந்து, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைகளின் தளபதி ராபர்ட் ஈ. லீ பெயரை வைத்தார்கள். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அடுத்த ஆண்டு அது. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்ததும் அதே ஊரில், அதே ஆண்டில்.

அந்த ஊரில் 1899இல் பிறந்தவர் பெர்சி ஜூலியன். அடிமைகளின் பேரன். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே எட்டாம் வகுப்போடு அரசுப் படிப்பு முடிந்துவிடும். இண்டியானாவின் டிபா கல்லூரியில் சேர்ந்து, பகலில் கல்லூரிப் பாடமும் மாலையில் விடுபட்ட பள்ளிப் பாடமும் படித்து, 1920இல் வகுப்பில் முதல் மாணவராக வெளியே வந்தார். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வையைப் பறிக்கும் க்ளாக்கோமா நோய்க்கு மருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்குவது அவர் எடுத்துக்கொண்ட வேலை. அதுவரை அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு கொட்டையிலிருந்தே கிடைத்துவந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற ராபர்ட் ராபின்சன் அந்தப் பாதையின் கடைசிப் படிக்கு முந்தைய சேர்மத்தைத் தாம் செய்துவிட்டதாக முன்பே அறிவித்திருந்தார். ஜூலியனின் சேர்மத்தின் பண்புகள் அதோடு ஒத்துப்போகவில்லை. இருவரில் ஒருவர் தவறு. தவறியவர் ராபின்சன் என்று ஜூலியன் அச்சிலேயே எழுதினார். இயற்கையில் கிடைக்கும் பொருளோடு தன் சேர்மத்தின் உருகுநிலையை ஒப்பிட்டுக் காட்டி 1935இல் நிரூபித்தார். பின்னர் சோயா எண்ணெயிலிருந்து ஹார்மோன்களை மலிவாகத் தயாரிக்கவும் வழி கண்டார்.

லீயின் பெயரை எடுத்துவிட்டு டாக்டர் பெர்சி எல். ஜூலியன் உயர்நிலைப் பள்ளி என்று வைக்க மான்ட்கோமரி பள்ளி வாரியம் 2022இல் வாக்களித்தது. பழைய நினைவுச் சின்னங்களின் பெயரை மாற்றினால் 25,000 டாலர் அபராதம் என்று அலபாமாவில் ஒரு சட்டம் இருக்கிறது. அது தெரிந்தேதான் வாக்களித்தார்கள்.